டிக்கெட்டுக்கு முன்னால் பிள்ளையின் பெயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்ததுமே கோடைச் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பத்து நாளில் ஆறு நாடு என்று பேருந்தில் ஏற்றி இறக்கும் பயணங்களைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் கிளம்பி, ஜூன் முதல் வாரம் திரும்பும்படி ஐந்தாறு வாரம் ஜெர்மனியிலோ பிரான்சிலோ போய்த் தங்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். அண்ணனோ அக்காவோ அங்கே வேலையில் இருந்தால் தாத்தா பாட்டியும் சேர்ந்துகொள்வார்கள். அம்மாவும் பிள்ளைகளும் முழுக் காலமும் இருக்க, அப்பா லீவு கிடைத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் போய்ச் சேருவார். இப்படிப்பட்ட பயணத்துக்கு எல்லோரும் முதலில் செய்வது மலிவான டிக்கெட்டைத் தேடுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. சிக்கல் விமான நிலையத்தில்தான் வெளியே தெரியும், ஆனால் அதன் வேர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழை எடுத்து முதலில் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிவாகும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெற்றோர் பெயரும் தேதியும் இருக்கும், குழந்தையின் பெயர் காலியாகவே நிற்கும். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று மட்டுமே ஏற்கப்படும். ஆதாரும் பள்ளிச் சான்றும் அதற்கு ஈடாகாது. எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டிய வரிசை பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், பிறகு பாஸ்போர்ட். ஒவ்வொன்றும் முந்தியதைக் காட்டச் சொல்லும் என்பதால், வரிசை மாறினால் அதே அலுவலகத்துக்கு இரண்டு முறை நடக்க நேரும்.

அடுத்தது இனிஷியல். இது நமக்கே உரிய தொல்லை, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரில் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டோ பெயரை இரண்டு கட்டமாகக் கேட்கிறது, சர்நேம் என்று ஒன்று, கிவன் நேம் என்று ஒன்று. எஸ். முருகன் என்பவருக்குச் சர்நேம் கட்டத்தில் சுப்பிரமணியன், கிவன் நேம் கட்டத்தில் முருகன். அவர் மகன் எம். கவினுக்குச் சர்நேம் முருகன். மனைவியின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன் எடுத்தது என்றால் சர்நேம் அவருடைய அப்பாவின் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம். ஐரோப்பிய எல்லை அதிகாரியின் கண்ணுக்கு இவர்கள் ஒரு குடும்பம் என்பதற்கு ஓர் எழுத்துகூட ஆதாரம் இல்லை. இதில் தவறு எதுவும் இல்லை, எதையும் மாற்றத் தேவையும் இல்லை. ஆனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் அசலாகக் கைப்பையில் இருக்க வேண்டும். நம் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. அது பெட்டிக்குள் போய்விட்டால், தேவைப்படும் நேரத்தில் அது விமானத்தின் வயிற்றில் இருக்கும்.

உண்மையில் தடுக்கிவிடுவது வேறு ஒன்று. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, கிவன் நேம் கட்டத்தில் ஒரே சொல்லை எழுதி எடுத்த பாஸ்போர்ட்டுகள் நம் ஊரில் நிறைய உண்டு. குழந்தைக்கு ‘கவின்’ என்று மட்டும் இருக்கும். விமான நிறுவனங்களின் முன்பதிவுப் பக்கம் இரண்டு பெயர் இல்லாமல் நகராது. சிலர் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்வார்கள், சிலர் வேறு குறிப்பு எழுதச் சொல்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும், எனவே அந்தந்த நிறுவனத்தையே கேட்டுத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரை நாமாகச் சேர்த்து டிக்கெட் எடுத்தால், பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருக்கிறது என்று கவுன்டரில் நிறுத்துவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வளைகுடா வழியாகப் போகிறவர்கள், ‘போகிற வழியில் துபாயில் இரண்டு நாள்’ என்று திட்டம் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது தெரிந்தால் சர்நேம் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு வாரம் இருக்கும்போது தெரிந்தால் கவலைப்படத்தான் முடியும்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம் அல்லது 18 நிறையும் நாள், எது முந்தியோ அது. தங்கள் பாஸ்போர்ட் இன்னும் நான்கு வருடம் செல்லும் என்ற நினைப்பில், பிள்ளையுடையதைத் திறந்துகூடப் பார்க்காமல் விடுகிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஜெர்மனி, பிரான்சு போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்கு ஆறு மாதம். ஆறு மாதம் என்றே வைத்துக்கொண்டால் எங்கும் பிழை வராது. குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு ‘டி’ என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலையில் இணைப்பு ‘சி’. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் 4.5 x 3.5 செ.மீ. புகைப்படம் கையோடு கொண்டுபோக வேண்டும், மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே எடுப்பார்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதன்முறையாக எடுக்கும் பாஸ்போர்ட்டின் கட்டணத்தில் 10 சதவீதம் கழிவு உண்டு.

இனி விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள் ஆகும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கும். இந்தக் கணக்கைவிட நெருக்குவது விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில் தேடினால் நான்கு பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைப்பது அரிது, ஜனவரியிலேயே பிடித்துவிட வேண்டும். அதிக இரவுகள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. கட்டணம் 12 வயது முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு நிறையாதவர்களுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை. மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாகும்படி இருக்க வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டியதில்லை, முன்பதிவுக் குறிப்பே போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டிவிட்டு, பிள்ளையின் விசா மட்டும் தாமதமாகித் தவிக்கும் குடும்பங்கள் பல.

விசா கையில் வந்ததும் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரைத் தனித்தனியாகப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, எத்தனை நாள். இந்த ‘எத்தனை நாள்’ என்பதுதான் தங்கும் உரிமை. தேதிகளுக்கு இடையே 60 நாள் இருந்தாலும் 45 என்று அச்சாகியிருந்தால் 45தான். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். பேரப்பிள்ளைகள் திரும்பிய பின்னும் தாத்தா பாட்டி இருந்துவிட்டு வருவதென்றால், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் உச்சம். ஏப்ரல் 25 அன்று இறங்கியவருக்கு ஜூலை 23 தொண்ணூறாவது நாள். இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் சேராது. அங்கே போக வேறு விசா வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு விசா விண்ணப்பத்தோடு பள்ளியின் கடிதம் கேட்பார்கள். பள்ளியின் கடிதத்தாளில், ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாணவரின் பெயர், வகுப்பு, விடுமுறை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பள்ளி திறக்கும் நாள், பயணத்துக்கு ஆட்சேபணை இல்லை என்ற ஒரு வரி, தலைமை ஆசிரியரின் கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண். இவ்வளவுதான். இதை வாங்குவதற்குள் படும் பாட்டைக் கடைசியில் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருக்கும் வீடு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வு முடிவும் பிளஸ் ஒன் சேர்க்கையும் வருவது நீங்கள் ஊரில் இல்லாத மே மாதத்தில். வேறு பள்ளிக்கு மாறுவதென்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் சேர்க்கைக் கட்டணம் கட்டவும் நம்பகமான ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு நீண்ட பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீட் தேர்வும் பொறியியல் கலந்தாய்வுப் பதிவும் அந்த வாரங்களில்தான் வரும்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் கட்டாயம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் எண்கள், போகும் நாடுகள், போகும் தேதி, வரும் தேதி, தங்கும் முகவரி, வராதவரின் தொலைபேசி எண் எல்லாம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். இரண்டு அசல் எடுங்கள். ஒன்று விசா மையத்தில் நின்றுவிடும், எல்லையில் காட்ட இன்னொன்று. அப்பா பின்னால் வந்து முன்னால் திரும்பும் பயணத்துக்கும் இது வேண்டும், ஏனென்றால் போகும்போதும் வரும்போதும் பிள்ளை ஒருவரோடுதான் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு போகும் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருமே கையெழுத்திட வேண்டும். துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழையும், மணவிலக்குப் பெற்றவர்கள் பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவையும் வைத்திருக்க வேண்டும்.

இப்போது டிக்கெட் எடுக்கலாம். குடும்பம் முழுவதும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். நூறு இருநூறு மிச்சம் என்று பிரித்து எடுத்தால், விமானம் மாற்றப்படும்போது நான்கு வயதுப் பிள்ளை ஒரு விமானத்திலும் அம்மா மற்றொன்றிலும் என்று ஆகிவிடும். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் போகலாம், வெளிநாட்டு விமானங்களில் கட்டணம் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறைந்தால் திரும்பும்போது தனி இருக்கை கட்டாயம், அதை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அதைப் பொருத்தும் இடங்கள் விமானத்தில் சிலவே. அது தாங்கும் எடை பெரும்பாலும் 10, 11 கிலோதான். பத்து மாதத்தில் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு உதவாது. விமானம் மாறும் இடத்தில் மூன்று மணி நேரம் இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனை, கழிப்பறை, டயப்பர் மாற்றல் எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் அடங்காது.

தேதியில் ஏமாறுவதும் உண்டு. சென்னையிலிருந்து ஐரோப்பா, வளைகுடா செல்லும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். 26ஆம் தேதி 1.50 மணி என்று டிக்கெட்டில் இருந்தால் 25ஆம் தேதி இரவு பத்தரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 26 இரவு போய் நின்றவர்களின் டிக்கெட் மொத்தமும், திரும்பும் பயணம் உட்பட, வீணாகிப் போகும்.

பெட்டி கட்டும்போது பூஜைச் சாமானைப் பாருங்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரையும் அப்படித்தான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிக்குள், அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை. புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில் சேரும் என்பதால் பெட்டியில்தான் போக வேண்டும். பயண நேரத்துக்கு வேண்டிய குழந்தை உணவுக்கும் பாலுக்கும் கைப்பைத் திரவங்களுக்கான 100 மி.லி. கட்டுப்பாடு இல்லை, கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு, பிரிக்காத கம்பெனிப் பொட்டலமாக ஒருவருக்கு 2 கிலோ வரை. வழியில் சிங்கப்பூரோ அமீரகமோ இறங்குகிறவர்கள் மசாலாப் பொடிகளில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஐரோப்பாவில் மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், சின்ன ரைஸ் குக்கர் வேலை செய்யும். நம் மூன்று முள் பிளக் நுழையாது, அதற்கேற்ற அடாப்டர் வேண்டும்.

மருந்தில் அளவுதான் முக்கியம், பெயர் அல்ல. பாரசிட்டமால் சிரப் நம் ஊரிலேயே 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம், அதாவது முதல் வகையில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டில் வாங்கும் பாட்டிலின் வீரியம் வேறாக இருக்கும், ஊரில் பழகிய ‘ஒரு மூடி’க் கணக்கு அங்கே அதிகமாகவோ குறைவாகவோ போய்விடும். கிளம்பும் வாரம் பிள்ளையை எடை போட்டு, குழந்தை மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரோடு மில்லிகிராமில் எழுதி வாங்குங்கள். மருந்தை அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்தும் போதும். விமானம் இறங்கத் தொடங்கும் கடைசி அரை மணியில் காது அடைக்கும், அப்போது குழந்தைக்குப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். தூங்கினாலும் எழுப்பிக் கொடுப்பது நல்லது.

கோடையில் ஜெர்மனி, பிரான்சு நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். முதல் மூன்று நாள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பசி என்பார்கள். ஆகவே அந்த நாள்களுக்கு நுழைவுச் சீட்டு எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம், சாப்பிட ஏதாவது கைவசம் இருக்கட்டும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். ஓர் ஊரில் நான்கு இரவுக்குக் குறையாமல் தங்குங்கள், இரண்டு ஊருக்கு ஒரு முறையாவது துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீடாக எடுங்கள். ஆளுக்கு ஆறு உடுப்பு போதும். ஜெர்மன் ரயிலில் 14 வயது வரை பெற்றோரோடு இலவசம், ஆனால் ஆறு வயது தாண்டிய பிள்ளைகளை டிக்கெட் எடுக்கும்போதே எண்ணிக்கையில் சேர்த்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பயண அட்டையோடு ‘ஸ்விஸ் ஃபேமிலி கார்டு’ கேட்டு வாங்கினால் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். வாடகைக் கார் எடுத்தால், ஜெர்மனியில் 12 வயதுக்குக் குறைந்து, 150 செ.மீ. உயரமும் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் நம் பழக்கம் அங்கே குற்றம், ஆபத்தும்கூட.

பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி, இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அங்கே தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டுமே உதவும், மிச்சப் பயணத்துக்கு உதவாது. எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்து வையுங்கள். நகல்களில் ஒன்று ஊரில் இருப்பவரிடம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு 112 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுங்கள், ஐரோப்பா முழுவதும் அவசர உதவிக்கு அது ஒன்றே. பெண் பிள்ளைகள் அணிந்துபோகும் தங்க நகைக்குச் சென்னையிலேயே சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது புதிதாக வாங்கிவந்தது என்று வரி கேட்க இடமில்லை. அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், நகை குறைவாக இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைப்பது எளிது.

கடைசியாக, பள்ளிக் கடிதம். ஏழெட்டு வரியுள்ள அந்தக் காகிதத்துக்குப் பெற்றோர் நாலைந்து முறை நடக்கிறார்கள். சில பள்ளிகள் தமிழில் விடுப்புச் சான்று தருகின்றன, சில மாணவரின் பெயரை வருகைப் பதிவேட்டில் உள்ள இனிஷியலோடு எழுதித் தருகின்றன. இரண்டும் விசா மையத்தில் திரும்பி வரும். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடிவிட்டால் கையெழுத்திட ஆளே இல்லை. பள்ளிக் கல்வித் துறை ஒரே மாதிரியான ஆங்கிலப் படிவம் ஒன்றை வெளியிட்டு, விண்ணப்பித்த மூன்று வேலைநாளுக்குள் தலைமை ஆசிரியர் தர வேண்டும் என்றும், மே மாதத்தில் யார் கையெழுத்திடலாம் என்றும் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்திலேயே, கோடையில் வெளிநாடு போகும் பிள்ளைகள் யார் என்று கேட்டு, பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி